பொம்மைக்குக் கட்டிய பெல்ட்

கட்டி முடியாத வீட்டுக்குக் கண் பட்டுவிடக் கூடாதென்று பொம்மை தொங்கவிடுவது எங்கள் அல்பேனியா வழக்கம். தெசலோனிக்கியில் கிரேக்கர்களுக்குக் கட்டும்போதும் விடமாட்டோம். இந்தத் தடவை ஐந்தாம் மாடிப் பொம்மைக்கு நான் மாட்டியது என் மச்சான் பெஸ்னிக்கின் சட்டை. போன மாதம் அங்கே சாரத்திலிருந்துதான் விழுந்தான். முதுகெலும்பு போய்விட்டது. அவன் தன் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்ததாக முதலாளி எழுதிக் கொடுத்தார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம். இந்த நாட்டில் தங்கும் அட்டையைப் புதுப்பிக்க அவர் கையெழுத்து வேண்டுமே.

ஆனால் அந்தச் சட்டை காற்றில் ஆடுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஸ்டோரிலிருந்து ஒரு பாதுகாப்பு பெல்ட்டை எடுத்துப் பொம்மைக்குக் கட்டி, தூணில் கொக்கியை மாட்டிவிட்டேன். சோதனைக்கு ஆள் வந்தால் மட்டும் வெளியே வரும் பெல்ட்டுகள் அவை.

இன்று காலை தொழிலாளர் துறை கார் வாசலில் நின்றது. மேஸ்திரி தனாசிஸ் பெல்ட்டுகளை வாரி வீசினான். ஆட்கள் பன்னிரண்டு, பெல்ட் பதினொன்று.

"இன்னொன்னு எங்கடா, இலிர்?"

என் கண் தானாக மேலே போய்விட்டது.

"அடப்பாவி! பொம்மை விழுந்தா செத்துருமாடா? ஓடு, கழட்டிட்டு வா!"

பெல்ட் எடுக்க, பெல்ட் இல்லாமல் ஏறினேன். ஐந்தாம் மாடியில் பெஸ்னிக் நின்ற அதே பலகை, மிதித்ததும் அசைந்தது. தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

கீழே இன்ஸ்பெக்டர் அம்மா அண்ணாந்து பார்த்தார். "யாரது பெல்ட் இல்லாம?"

"புது ஆளும்மா, மறந்துட்டான். இங்க எல்லாரும் தினமும் போடுவாங்க," என்றான் தனாசிஸ்.

நான் இங்கே வந்து நான்கு வருடம். பேசாமல் கழற்றிக்கொண்டு இறங்கினால் அட்டை கிடைக்கும். கொக்கியில் கை வைத்தேன். பெஸ்னிக்கின் சட்டை முகத்தில் உரசியது. இன்னும் அவன் சிகரெட் வாடை.

"பொய்ம்மா!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "போன மாசம் என் மச்சான் இங்கேருந்துதான் விழுந்தான். படியில இல்ல!"

இன்ஸ்பெக்டர் அம்மா நோட்டைத் திறந்தார்.

"உங்க பேரு?"

பெஸ்னிக் பேரை முதலில் சொன்னேன். பிறகு என் பேர்.

"அந்த பெல்ட்ட நீங்க போட்டுக்கிட்டு மெதுவா இறங்குங்க."

பொம்மையிடமிருந்து கழற்றி மாட்டிக்கொண்டேன். மூன்றாவது தடவைதான் பூட்டு விழுந்தது. நான்கு வருடத்தில் முதல் தடவையாக, கொக்கியை மாற்றி மாற்றி மாட்டி, விழ மாட்டேன் என்று தெரிந்து இறங்கினேன். கீழே தனாசிஸ் என் பையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலருகே நின்றிருந்தான்.