கண்ணாத்தாளுக்கு என்ன?

கண்ணாத்தாளுக்கு ஏதோ இருக்கிறது என்பதில் ஊருக்குள் இரண்டு பேச்சு இல்லை. என்ன இருக்கிறது என்பதில்தான் வாய்க்கு வாய் வேறு பேச்சு. ஆறு வயசுப் பிள்ளை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். வேப்பங்கொட்டைகளை வாசல் நெடுக வரிசையாக வைப்பாள். யார் காலாவது பட்டு ஒரு கொட்டை நகர்ந்துவிட்டால் அன்றைக்கு அவள் சோறு தொட மாட்டாள். இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காலையில் தண்ணீர் இறைக்க அப்பன் கிணற்றுக் கவலையில் மாடு பூட்டியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறுவாள், சுவரில் தலையை முட்டுவாள், தன் கையைத் தானே கடித்துக்கொள்வாள். மாட்டை அவிழ்க்கும் வரைக்கும் அடங்க மாட்டாள்.

சங்ககிரி மலைக்கு மேற்கே அவள் அப்பன் மணியனின் காடும் கிணறும். மாடுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்க, கிணற்றுக்குள்ளிருந்து பறி என்கிற தோல்வாளி நிறையத் தண்ணீர் மேலே வரும். மேலே கட்டிய மர உருளை அப்போது போடுகிற சத்தம் நாலு காட்டுக்குக் கேட்கும்.

மணியனின் பெண்டாட்டி சௌந்திரம் பிள்ளையை முதலில் வைத்தியரிடம் கொண்டுபோனாள். காதுக்குள் வலி என்று அவர் பூண்டெண்ணெயைக் காய்ச்சி ஊற்ற வந்தார். பிள்ளை அவர் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. கடி பட்டதும் காது வலி பித்தமாகிவிட்டது. கசாயம் கொடுத்து அனுப்பிவிட்டார். அடுத்து கரட்டு முனியப்பன் கோயில் பூசாரி ரங்கன். கிணற்றில் இருக்கும் முனி அவள் காதில் பேசுகிறது, அதனால்தான் பொத்திக்கொள்கிறாள் என்றார். கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். சௌந்திரமும்தான் ஆட்டினாள். ஆனாலும் மனசு கேட்காமல் மணியனையும் கூட்டிக்கொண்டு ரயிலேறிச் சேலத்துக்குப் போய் ஒரு டாக்டரிடம் காட்டினாள். அவர் பிள்ளைக்குப் பின்னால் நின்று மணி அடித்துப் பார்த்தார், விளக்கைப் பிடித்துக் காதுக்குள் பார்த்தார். காது நன்றாகத்தான் இருக்கிறது, புத்திதான் வளரவில்லை, இதற்கு மருந்து கிடையாது என்றார்.

திரும்பி வரும்போது அவளுக்குத் தலை சுற்றியது. ஒருத்தர் காது வலி என்கிறார், ஒருத்தர் காதில் யாரோ பேசுகிறார்கள் என்கிறார், ஒருத்தர் காதில் ஒன்றுமே இல்லை என்கிறார். மூன்று பேரும் பெரியவர்கள். யாரை நம்புவது? மணியனைக் கேட்டாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

கடைசியில் சௌந்திரத்தின் அண்ணன் கருப்பண்ணன்தான் ஒரு முடிவுக்கு வந்தார். பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் ஒரு மண்டலம் விட்டுவிடுவது. காலில் சங்கிலி போட்டுத்தான் வைப்பார்களாம். மணியன் சரி என்றுவிட்டான். சௌந்திரம் இரண்டு பக்கமும் யோசித்தாள். முனியாக இருந்து, கோயிலில் விடாமல் போனால் அது பிள்ளைக்குச் செய்கிற பாவம். முனியே இல்லாமல் கட்டிப் போட்டால் அது அதைவிடப் பாவம். எந்தப் பக்கம் திரும்பினாலும் பாவமாகவே இருந்தது.

மாடுகளுக்கான பட்டிப் பொங்கல் வந்தது. அன்றைக்கு மாட்டின் கழுத்தில் நுகம் ஏறக்கூடாது. பிள்ளை காலையிலிருந்து அலறவே இல்லை. மாடுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தாள். மத்தியானம் கிணற்று மேட்டில் குந்தித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சௌந்திரம் கைக்கெட்டும் தூரத்தில் பின்னால் நின்றாள். முனிக்கும் பட்டிப் பொங்கல் உண்டு போலிருக்கிறது என்று பொங்கலுக்கு வந்திருந்த கருப்பண்ணன் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கிணறு இருக்கிறது, மாடு இருக்கிறது, பிள்ளை இருக்கிறாள். அப்படியானால் இன்றைக்கு இல்லாதது எது?

மறுநாள் மணியன் கவலை பூட்டினான். முதல் பறி மேலே ஏற, உருளை கிறீச்சென்று கத்தியது. வாசலில் இருந்த பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு விழுந்தாள். சௌந்திரம் வீட்டுக்குள் ஓடி விளக்கெண்ணெய்ச் சட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடினாள்.

மணியன் உருளையைத் தொட விடவில்லை. அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு கிணற்று உருளைக்கும் ஒரு குரல் உண்டு. யார் காட்டில் தண்ணீர் பாய்கிறது என்று படுத்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். அவன் அப்பன் காலத்திலிருந்து அந்த உருளைக்கு எண்ணெய் காட்டியதில்லை. கவலை கத்தாத காட்டில் கதிர் பிடிக்காது என்று பேச்சு. சத்தம் நின்றால் மணியன் கிணறு வற்றிப்போயிற்று என்று ஊரே சொல்லும் என்றான்.

"சொல்லட்டுங்க," என்றாள் சௌந்திரம். "முனியா, காதா, புத்தியா, எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. அவ காலுல சங்கிலி போடறதுக்கு முன்னால இதை ஊத்திப் பாத்துருங்க."

மணியன் ஊற்றினான். உருளை இரண்டு சுற்று முனகிவிட்டு அடங்கியது. சத்தத்துக்குப் பழகிய மாடுகள் பாதிச் சரிவில் நின்று திரும்பிப் பார்த்தன. பிள்ளை ஒரு கையை எடுத்தாள். கொஞ்சம் பொறுத்து மறு கையையும் எடுத்தாள். எழுந்து வந்து, உருளை சுற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மணியன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

குணமாகிவிட்டது என்றுதான் சௌந்திரம் நினைத்தாள். சாமி, கண்ணு என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பிள்ளை திரும்பவில்லை. மறுபடி வேப்பங்கொட்டையை அடுக்கப் போய்விட்டாள். சௌந்திரத்துக்கு முன்னைவிடக் குழப்பமாகிவிட்டது. முனி இல்லையென்றால் இது என்ன? வெறும் சத்தம்தான் என்றால் தாயின் குரலுக்கு ஏன் திரும்பவில்லை? சாயங்காலம் பக்கத்துக் காட்டு வேலுசாமி கிணறு வற்றிவிட்டதா என்று விசாரிக்க வந்தார். தண்ணீர் இருக்கிறது, பிள்ளைக்குச் சத்தம் ஆகாது என்றான் மணியன். அவளைப் பற்றி அவன் தெரிந்து சொன்ன முதல் சேதி அதுதான்.

வெள்ளிக்கிழமை கருப்பண்ணனின் வண்டி வேலிகளுக்கு நடுவில் வரும் இட்டேரியில் திரும்பும்போதே அச்சு கிறீச்சிட்டது. பிள்ளையின் கைகள் காதுக்குப் போயின. மணியன் எண்ணெய்ச் சட்டியோடு எதிரே ஓடி வண்டியை நிறுத்தினான். பூசாரி காத்திருப்பார், பிள்ளையை ஏற்றுங்கள் என்றார் கருப்பண்ணன். வண்டிக்குள் சாக்கில் சுற்றிய சங்கிலி கிடந்தது. மணியன் இரண்டு பக்கத்து அச்சுக்கும் எண்ணெய் விட்டான்.

"வண்டியத் திருப்புங்க, மச்சான்."

"அப்ப அவளுக்கு என்னதான் மாப்ள?"

"தெரியலீங்க. தெரியாம கட்டிப் போட மாட்டனுங்க."

கருப்பண்ணன் முகத்தைத் தூக்கிக்கொண்டு வண்டியைத் திருப்பினார். அது சத்தமில்லாமல் போயிற்று. வாசலில் நின்றிருந்த சௌந்திரத்துக்கு நிம்மதியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. நாளைக்கும் யாராவது வந்து என்னவென்று கேட்பார்கள்.

பிள்ளையின் வேப்பங்கொட்டை வரிசை நீண்டுகொண்டே வந்து சௌந்திரத்தின் காலை முட்டியது. கண்ணாத்தாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு கொட்டையை எடுத்துத் தாயின் பாதத்தின் மேல் வைத்தாள்; அடுத்ததைப் பாதத்துக்கு அந்தப் பக்கம் வைத்து, வரிசையைத் தொடர்ந்தாள். உள்ளே அடுப்பில் சோறு பொங்கி வழிகிற வாசம் வந்தது. சௌந்திரம் காலை எடுக்கவில்லை.