எடைமேடையில் ஒரு பழைய நம்பர்

காவேரிக்கு வயிற்றெரிச்சல். அதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்? மார்ச் மாதம் சுசித்ரா வேலைக்குச் சேர்ந்த அன்று பிடித்தது, ஜூன் பிறந்தும் தணியவில்லை. சூளகிரி தாண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கிற மாங்கூழ் ஆலையில் ஆறு சீசனாக எடைமேடையைப் பார்த்துக்கொள்கிறவள் காவேரி. லாரியும் டிராக்டரும் மேடையேறும், எடை கம்ப்யூட்டரில் விழும், அவள் சீட்டு அடித்துக் கொடுப்பாள். சீசன் முடிந்தால் அடுத்த வருடம் வா என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த வருடம் ஒரே ஒருவரை மட்டும் வருடம் முழுக்க வைத்துக்கொள்ளப் போவதாகப் பேச்சு அடிபட்டது. சிஸ்டம் இன்சார்ஜ் என்று பதவி. அது தனக்குத்தான் என்று காவேரி முடிவே கட்டிவிட்டிருந்தாள், இந்தப் பெண் வந்து இறங்கும் வரைக்கும்.

சுசித்ரா ஓசூரில் பி.இ. படித்தவள், வயது இருபத்து மூன்று. வந்த இரண்டாம் வாரமே மேனேஜர் திம்மப்பன், எதற்கெடுத்தாலும் "சுசித்ராவக் கேளுங்க" என்று சொல்லப் பழகிவிட்டார். பிரிண்டர் சிக்கினால் சுசித்ரா, கேட் கேமரா தெரியாவிட்டால் சுசித்ரா. போதாததற்கு அந்தப் பெண் எல்லாரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசித் தொலைப்பாள். குறை சொல்ல ஒன்றுமில்லாதவள்மேல் வருகிற எரிச்சல் இருக்கிறதே, அதற்கு மருந்தே கிடையாது. "இவங்க எடை போடற அக்கா" என்றுதான் திம்மப்பன் காவேரியை அவளுக்கு அறிமுகப்படுத்தினார். ஆறு வருடத்துக்கு இவ்வளவுதானா மரியாதை என்று காவேரி அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குச் சுசித்ரா ஆலையின் பழைய சர்வரிலிருந்து எல்லாவற்றையும் புதிய சர்வருக்கு மாற்றினாள். ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒழுங்காக ஓடின. எடைமேடையில் இருந்த லினக்ஸ் கம்ப்யூட்டர் மட்டும், 'ஸ்டோர்' என்கிற சர்வரோடு இணைய முடியவில்லை என்று சொல்லிவிட்டு நின்றது. கையால் சீட்டு எழுதக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பான உத்தரவு. மேடைமேல் வேப்பனஹள்ளி முனிவேலின் டிராக்டர், நிறைய தோத்தாபுரி மாங்காயோடு நின்றது. அதற்குப் பின்னால் பதினேழு வண்டிகள்.

சுசித்ரா ஓடி வந்தாள். காவேரி எழுந்து இடம் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றுகொண்டாள். கறுப்புத் திரையில் அந்தப் பெண் nslookup என்று அடித்தாள். 'ஸ்டோர்' என்ற பெயருக்கு எந்த நம்பர் என்று வெளியே கேட்டுச் சொல்கிற கட்டளை அது. ஐம்பத்தொன்றில் முடிகிற புது நம்பர் சரியாக வந்தது. அடுத்து ping அடித்தாள், கூப்பிட்டால் அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா என்று பார்க்க. பதில் வந்துகொண்டே இருந்தது.

"பேரும் சரியா வருது, ping-கும் போகுது. அப்புறம் என்னதான் கேடு இதுக்கு?" என்று முணுமுணுத்தாள்.

பதில் வருவதைப் பார்த்தாளே தவிர, எங்கிருந்து வருகிறது என்று அவள் பார்க்கவில்லை. காவேரி பார்த்தாள். பதில் வந்த நம்பர் பதினைந்தில் முடிந்தது. அது பழைய சர்வரின் நம்பர். வேலையை நிறுத்தினார்களே ஒழிய, அந்தப் பெட்டியின் சுவிட்சை யாரும் அணைக்கவில்லை. கூப்பிட்டால் 'இருக்கேன்' என்று மட்டும் அது சொல்லிக்கொண்டிருந்தது.

காவேரிக்கு நொடியில் விளங்கிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பெயரைத் தேடிக் கொடுக்கிற டி.என்.எஸ். அடிக்கடி படுத்துக்கொண்டபோது, கம்ப்யூட்டர் விற்ற கம்பெனி என்ஜினியர் போனில் சொல்லச் சொல்ல, அவள்தான் இந்த கம்ப்யூட்டரின் hosts என்கிற ஃபைலில் 'ஸ்டோர்' என்ற பெயரையும் நம்பரையும் தன் கையால் அடித்து வைத்தாள். நம் போனில் ஒருவர் நம்பரைச் சேமித்து வைக்கிற மாதிரிதான். எடை போடுகிற புரோகிராம் முதலில் அந்த ஃபைலைத்தான் பார்க்கும், அதில் இல்லாவிட்டால்தான் வெளியே கேட்கும். nslookup அந்த ஃபைலைச் சட்டையே செய்யாது, நேராக வெளியேதான் கேட்கும். அதனால்தான் இந்தப் பட்டதாரி தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். தொண்டை வரைக்கும் வந்ததைக் காவேரி மென்று விழுங்கினாள்.

"அக்கா, இந்த மிஷின்ல முன்னாடி யாராச்சும் கையால எதையாச்சும் மாத்தினாங்களா?" என்று சுசித்ரா திரும்பிக் கேட்டாள். அப்போது மணி ஒன்பது.

"எனக்கு எங்கம்மா தெரியும்? நான் எடை போடற ஆளு."

அந்த வார்த்தையைத் திருப்பிக் கொடுத்ததில் காவேரிக்கு அப்படி ஒரு திருப்தி. சுசித்ரா எடைபோடும் புரோகிராமைக் கழற்றி மறுபடி போட்டாள், கேபிளை மாற்றினாள், புது சர்வருக்கும் எடைமேடைக்குமாகப் பத்துத் தடவை நடந்தாள். மணி பத்தாகி, பதினொன்றாயிற்று. வெயில் ஏறியது. வரிசை ரோடு வரைக்கும் போய்விட்டது. முனிவேல் ஜன்னலுக்கு வந்து, "நிக்க நிக்க எடை குறையுது தாயி, அடியில காயி நசுங்குது" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். சுசித்ராவின் முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. காவேரி ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி ரசீதுக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பதினொன்றரைக்குத் திம்மப்பன் வந்தார், மூக்கு நுனியில் கோபத்தோடு. வண்டிக்காரர்கள் அவருக்குப் பின்னாலேயே வந்து ஜன்னலை அடைத்துக்கொண்டார்கள்.

"நேத்து வரைக்கும் ஓடினதுதானே? நீ கை வெச்ச, நின்னுடுச்சு. என்னத்தப் படிச்ச நீ?"

சுசித்ரா தலை குனிந்து நின்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் காவேரிக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. ஐயோ பாவம் என்று ஒரு மூலையில் தோன்றாமல் இல்லை. அந்த மூலைப் பக்கமே அவள் போகவில்லை. இதற்குத்தானே காலையிலிருந்து காத்திருந்தாள்?

"சார், நான் ஒரு தடவ பாக்கட்டுங்களா?"

நாற்காலியில் உட்கார்ந்தாள். பாஸ்வேர்டைப் போட்டு hosts ஃபைலைத் திறந்தாள். "இதுல பழைய நம்பர் இருக்குது சார். பேரக் கேட்டா இது பழைய சர்வருக்கே போவுது" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே அந்த ஒரு வரியை அழித்தாள். சேமித்தாள். புரோகிராமை மறுபடி ஓடவிட்டாள். திரையில் எடை வந்து நின்றது. பிரிண்டர் சீட்டைத் துப்பியது. ஜன்னலில் நின்றவர்கள் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள்.

முனிவேல் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். போகிறவர் நின்று, "ஏந்தாயி, ஒரு நிமிசத்து வேலதானா இது? நீ காத்தாலருந்து இங்கயேதான குந்திகினு இருந்த. அப்பவே பண்ணியிருக்கலாமே" என்றார்.

மனுசர் குத்திக் கேட்கவில்லை. குழாய் ஏன் ஒழுகுகிறது என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் திம்மப்பன் காவேரியின் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"ஆமா, அந்த நம்பர் அதுல இருக்கிறது உனக்கு எப்பத் தெரியும்?"

காவேரிக்கு ஆறு சீசன் உழைப்பும் இன்சார்ஜ் நாற்காலியும் கண்ணெதிரே போவது தெரிந்தது. அவள் சுசித்ராவைப் பார்த்தாள். 'ஒம்பது மணிக்கே கேட்டேன் சார், தெரியாதுன்னாங்க' என்று அந்தப் பெண் சொன்னால் போதும், கதை முடிந்தது. காவேரி அவள் இடத்தில் இருந்திருந்தால் கூட ரெண்டு சேர்த்தே சொல்லியிருப்பாள்.

"அக்காவ நான் கேக்கவேயில்ல சார்" என்றாள் சுசித்ரா. "கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பாங்க. என் தப்புதான்."

திம்மப்பன் அவளை ஒரு முறை முறைத்தார். "தெரிஞ்சவங்களக் கேக்கணும்மா. படிச்சிட்டா மட்டும் போதுமா?" என்றவர், காவேரியிடம் குரலைத் தணித்துக்கொண்டு, "சாயந்திரம் ஆபீசுக்கு வா, உன் விசயமா பேசணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் கை கழுவுகிற இடத்தில் இருவரும் தனியாக அகப்பட்டார்கள். காவேரி குழாயைத் திறந்து விட்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஏன் அப்படிச் சொன்ன?"

"வேற என்ன சொல்றது? உங்களுக்குத் தெரியும்னு நீங்க அந்த ஃபைலத் திறந்தப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு." சுசித்ரா சிரிக்கவில்லை. "நல்லா இருக்கட்டும்னு விட்டுட்டேன். இன்சார்ஜ் வேலைக்காகத்தானே இவ்ளோவும்? அத நான் போன வாரமே வேணாம்னு சொல்லிட்டேன்க்கா. உங்களுக்கே குடுக்கச் சொல்லி சார்கிட்ட பேசினதும் நான்தான், அவரும் சரின்னுட்டாரு. எனக்கு பெங்களூர்ல வேல கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி சேரணும்."

குழாய் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. மூன்றரை மணி நேரம் பதினெட்டு வண்டிக் காயை வெயிலில் நிறுத்தி, ஒரு பெண்ணை நாலு பேர் முன்னால் அழவிட்டுத் தட்டிப் பறித்தது, போன வாரமே தனக்கென்று ஆகிவிட்ட வேலை. மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். கேட்டுவிடுவது என்று முடிவே செய்துதான் காவேரி வாயைத் திறந்தாள்.

"பெங்களூருக்கா? கம்பெனி பஸ்ஸு ஊட்டு வாசலுக்கே வருமா?" என்றுதான் வாயில் வந்தது.