காரணம் இல்லாத அழுகை

நெஞ்சுத் தோலுக்கடியில் இருந்த பேட்டரியை மாற்றிக்கொண்டு வந்த சில நாட்களிலேயே சபீதா அழத் தொடங்கினாள்.

நடுக்குவாதத்துக்காக அவள் மூளைக்குள் மெல்லிய கம்பிகள் வைத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பேட்டரியிலிருந்து போகும் மின்சாரம் கை நடுக்கத்தை அடக்கிவைத்திருந்தது. அந்தப் பேட்டரி தீரும் நிலைக்கு வந்ததும் மலேசியாவின் ஜொகூர் பாரு மருத்துவமனையில் புதியது வைத்து, பழைய அளவுகளையே அதிலும் போட்டு அனுப்பினார்கள். கை ஆடவில்லை. நடையும் நன்றாக இருந்தது. அழுகைதான் புதிது.

குளுவாங் ஊரில் அவளுக்கும் கணவருக்கும் சாப்பாட்டுக் கடை. கல்லாவில் உட்கார்ந்து மீதிச் சில்லறை கொடுக்கும்போதே கண்ணீர் வழியும். தேடிப் பார்த்தால் மனதில் துக்கம் எதுவும் தட்டுப்படாது. ஆனாலும் யாரோ இறந்துவிட்டதுபோல் விசும்புவாள்.

"என்ன பாய், வீட்ல ஏதும் பிரச்சினையா?" தினமும் தேநீர் குடிக்க வரும் தங்கராஜு அவள் கணவர் சுல்தானிடம் கேட்டார்.

"இல்ல லா. அவளுக்கு அசதி, அவ்வளவுதான்."

"எனக்கு அசதி இல்ல" என்றாள் சபீதா. இருவரும் திரும்பினார்கள். அடுத்து வந்ததை அவளே எதிர்பார்க்கவில்லை. "என்னைப் பத்தி யார் கேட்டாலும் நீங்கதான் பதில் சொல்றீங்க. டாக்டர் கேட்டாலும் நீங்க. மக போன் பண்ணாலும் நீங்க. நோய் வந்ததிலேர்ந்து எனக்கு வாயே இல்லாம போச்சு."

சுல்தான் கையிலிருந்த தேநீர்க் குவளையைத் தங்கராஜுவின் முன் வைத்தார். நோயில் அவள் குரல் தாழ்ந்துபோனதால்தானே அவளுக்காக அவர் பேச ஆரம்பித்தார்? அதை எப்படிக் குற்றம் என்று சொல்வது?

இதற்காகத்தான் அழுகிறோம் போலிருக்கிறது என்று சபீதா எண்ணிக்கொண்டாள். மறுநாள் டிவியில் ஒரு நகைச்சுவைக் காட்சிக்கு விம்மி விம்மி அழுதபோது அந்தக் காரணமும் பொருந்தவில்லை.

சுல்தான் மருத்துவமனைக்கு போன் செய்தார். உடனே வரச் சொன்னார்கள்.

"புது பேட்டரி வேற மாடல், ஆன்ட்டி" என்றார் டாக்டர் லோஷினி. "பழைய நம்பரையே போட்டாலும் மின்சாரம் அதே மாதிரி போகாது. கம்பியோட கீழ்முனைக்குப் பக்கத்துல அழுகையைத் தூண்டற இடம் இருக்கு. அங்கயும் கொஞ்சம் படுதுன்னு நினைக்கறேன்."

டாக்டர் கையிலிருந்த கருவியில் சோதனைக்காக அளவைச் சற்றுக் கூட்டியதும் சபீதாவுக்கு விம்மல் பொங்கியது. மின்சாரத்தை மேல்முனைக்கு மாற்றியதும் விம்மல் பாதியிலேயே நின்றது. கன்னம் ஈரமாக இருக்க, அழுதது யார் என்று கேட்பவள்போல் விழித்தாள்.

"இப்ப எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கா, டாக்..." என்று தொடங்கிய சுல்தான் வாயை மூடிக்கொண்டார்.

"வலது கால் இறுக்கமா இருக்கு" என்றாள் சபீதா.

டாக்டர் அளவை மாற்றினார். இப்போது? முன்னால் இருந்தது மேலா, இது மேலா? சபீதாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லாம் ஒன்றுபோலவும் இருந்தது, வேறுவேறாகவும் இருந்தது. கடைசியில் கால் தளர்ந்த ஓர் அளவில் நிறுத்தி, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில், கார் செடெனாக் ஊரைத் தாண்டியதும் சுல்தான் கேட்டார்.

"கடையில அப்படிச் சொன்னியே. அது நீ சொன்னதா, பேட்டரி சொல்ல வச்சதா?"

"தெரியல. அழுகை பேட்டரியாலதான். பேச்சு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியலங்க."

"இப்ப அழுகை வருதா?"

"இல்ல."

"என் மேல கோபம்?"

பல்வலி நின்றுவிட்டதா என்று நாக்கால் தடவிப் பார்ப்பதுபோல அவள் மனதைத் தடவிப் பார்த்தாள்.

"அது இருக்கு" என்றாள்.

சுல்தான் தலையை ஆட்டினார். அவருக்குப் புரிந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. சாலையின் இருபுறமும் செம்பனை மரங்கள் போய்க்கொண்டே இருந்தன.