டாக்டருக்குக் காய்ச்சல் வந்தால்

இருபது வருடம் நர்ஸாக இருந்துவிட்டு மென்பொருள் படிக்கப் பல்கலைக்கழகம் வந்தவளை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அன்று வகுப்பில் அவள் குழு மருத்துவமனைக்கான மென்பொருளை வடிவமைக்க வேண்டும். தடித்த கண்ணாடியால் சோடாபுட்டி என்று பெயர் வாங்கிய குழுவின் கெட்டிக்காரன், மனிதர் என்ற கிளாஸிலிருந்து (நிரலில் ஒரு வகையை வரையறுக்கும் அச்சு அது) டாக்டர், நோயாளி என இரண்டு கிளாஸ்களைப் பிரித்துப் பலகையில் வரைந்தான்.

அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “தம்பி, டாக்டருக்கே காய்ச்சல் வந்தா அவரை எதுல சேர்ப்ப?”

“ரெண்டு தடவை பதியணும்க்கா... ஐயோ, ஒரே ஆளு ரெண்டு பேராயிடுவாரே!”

“ஆளு ஒருத்தர்தான். டாக்டரும் நோயாளியும் அவர் போடுற வேஷம். வேஷத்தைத் தனி கிளாஸா எழுதி அவர்கிட்ட குடுத்துடலாமே?”

சோடாபுட்டி பலகையைத் துடைத்துவிட்டுப் பேனாவை அவளிடமே நீட்டினான். பருவம் முழுக்கத் தண்ணி காட்டிய பாடம் கைக்குள் வந்துவிட்டதில் அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது.