அழுகல் மேடு

பஸ்ராவில் பன்னிரண்டு வருடம் சிமெண்டுத் தரையில் வாழ்ந்துவிட்டுச் சதுப்புக்குத் திரும்பியிருந்தான் சாசிப். நாணலை வெட்டி அடுக்கிக் கட்டிய தீவு. அடியில் அழுக அழுக இறங்கும்; மேலே புதிது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முற்றத்தின் ஓரத்தில் பழைய நாணலும் எருமைச் சாணமும் கறுத்துக் குவிந்து கிடந்தன. நாற்றம் வீட்டுக்குள்ளும் வந்தது.

மூன்று நாளாக அதை வாரித் தண்ணீரில் தள்ளினான். பாதி மேடு போயிற்று. சுரண்டிய இடத்தில் பச்சை நாணலைப் பரப்பினான்.

நாலாம் நாள் காலை, பக்கத்துத் தீவுக்காரி படகில் வந்தாள். இவன் வயதுதான். மூத்த மகன் சாஹின் பிறந்ததிலிருந்து எல்லோருக்கும் அவள் உம் சாஹின், சாஹினின் அம்மா.

"என்னப்பா, முத்தம் பளபளன்னு இருக்கு? யாருக்குக் கல்யாணம்?"

"நாத்தம் தாங்கல."

"நாணலத் தின்னு எருமை சாணி போடுது. சாணியோட நாணல் அழுகுது. அழுகினதுலதான் புது நாணல் வருது. இதுல எது உனக்கு நாறுது?" துடுப்பால் பச்சை நாணலைக் குத்தினாள். அது விலகியது. "அழுகினாத்தான் ஒண்ணோட ஒண்ணு பிடிக்கும். இது வழுக்கும். சினை எருமைய எங்க நிறுத்தப்போற?"

"அதுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு."

"அப்படின்னு எருமை சொல்லுச்சா?"

அவள் போய்விட்டாள்.

பன்னிரண்டு வருட உழைப்பு அந்த ஒற்றை எருமை. மத்தியானம் அதற்கு வலி கண்டது. வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. எருமை பச்சை நாணலில் கால் ஊன்ற முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தது. பிறந்து விழுந்த வேகத்தில் ஓரம் பிளந்து, கன்று வழுக்கித் தண்ணீருக்குள் போயிற்று.

சாசிப் குதித்து இழுத்தான். மனைவி வப்ரியா கோணியால் தேய்த்தாள். கன்றின் காது சில்லிட்டிருந்தது. எழவில்லை.

"சூடே இல்லைங்க. நெருப்பு மூட்டவா?"

"இந்தக் காத்துலயா? நாணல் வீடே போயிரும்." தண்ணீருக்கு அப்பால் பார்த்துக் கத்தினான். "உம் சாஹின்! கன்னு விறைச்சுப் போச்சு!"

"மேட்டுல மிச்சம் வச்சிருக்கியா, இல்ல முழுசையும் தள்ளிட்டியா?"

"பாதி இருக்கு!"

"தோண்டி உள்ள வை!"

கையாலேயே தோண்டினான். முழங்கை ஆழத்தில் ஆவி வந்தது. உள்ளே கை சுட்டது. கழுத்துவரை கன்றைப் புதைத்து, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டான். எருமை வந்து கன்றின் முகத்தை நக்கியது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கன்று தும்மியது. அவன் விரலைத் தேடிச் சப்பியது.

"இப்ப நாறுதாப்பா?" என்றது எதிர்க்கரைக் குரல்.

"நாறுது," என்றான் சாசிப். அவன் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தள்ளியதைக் காலால் தடவித் தேடினான். பாதி கரைந்து போயிருந்தது. கிடைத்ததைப் படகில் ஏற்றினான். வப்ரியா கன்றின் முதல் சாணத்தை வாரி மேட்டில் போட்டாள்.