இடிக்குக் கை கொடுத்தவள்

தேர்தல் தேதி அறிவித்த வாரமே அவள் கட்சி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிட்டாள். கல்லூரி நாளிலிருந்து அந்தக் கட்சிக்குத்தான் அவள் ஓட்டு. கணவரும் அவளும் ஒருவரை ஒருவர் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டதே அந்தக் கட்சியின் ஊர்வலம் ஒன்றில்தான். அவள் தொழில், காது கேளாதவர்களுக்குச் சைகையில் மொழிபெயர்ப்பது. நீதிமன்றம், ஆஸ்பத்திரி, தொலைக்காட்சிச் செய்தி என்று எங்கே கூப்பிட்டாலும் அடர்நீலச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு போய் நிற்பாள். சட்டையில் பூவும் கோடும் இருந்தால் விரல்கள் சரியாகத் தெரியாது.

"நம்ம கூட்டம் எல்லாத்துக்கும் நானே வந்து நிக்கிறேன். எனக்கு எதுவும் தர வேணாம்," என்றாள்.

செயலாளர் நல்ல மனிதர். எல்லோரும் சமம் என்பதை விட்டால் அவருக்கு வேறு பேச்சு கிடையாது.

"அருமையான யோசனைங்க. ஆனா மேடை ரொம்பச் சின்னது. தலைவர் பேசறப்ப பக்கத்துல ஒருத்தர் கையை ஆட்டிக்கிட்டிருந்தா ஜனங்க அங்கதான் வேடிக்கை பாப்பாங்க. அடுத்த தடவை கண்டிப்பா செஞ்சிரலாம்."

"போன தேர்தல்லயும் இதையேதான் சொன்னீங்க."

"அப்படியா?" என்று அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அவளுக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்து, ஒரு கட்டுத் துண்டறிக்கையையும் கையில் திணித்து அனுப்பினார்.

சில நாள் கழித்து, அவளை வேலைக்கு அனுப்பும் நிறுவனத்திலிருந்து மேலாளர் அம்மா கூப்பிட்டாள்.

"இடியோட பிரசாரக் கூட்டங்களுக்கு நம்மகிட்ட ஆள் கேட்டிருக்காங்க. உங்க பேரைத்தான் குடுத்திருக்கேன்."

எதிர் அணித் தலைவரை ஊரே இடி என்றுதான் சொல்லும். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கும் குரல். வெளியிலிருந்து வந்து ஆற்றங்கரையோரம் குடிசை போட்டிருந்தவர்களைத் துரத்தப்போவதாகச் சொல்லியே நாட்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"என்னால முடியாது. வேற யாரையாவது அனுப்புங்க."

"வேற யாரு? அந்தப் புதுப் பொண்ணைத்தான் அனுப்பணும். ஆஸ்பத்திரியில மாத்திரையை மாத்திச் சொல்லி, அந்தக் காது கேக்காத அம்மா பட்ட பாடு உங்களுக்கே தெரியும். கட்சி பாத்து கையை அசைக்கிற தொழிலா இது? நீங்கதானே பயிற்சிக்கு வர்றவங்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக் குடுக்கறீங்க?"

அவள் கூட்டம் எங்கே, எப்போது என்று கேட்டுக்கொண்டாள். கணவரிடம் சொன்னபோது அவர் படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மடித்து வைத்தார்.

"போகாத."

"டாக்டர் பிடிக்காதவனுக்கு ஊசி போட மாட்டேன்னா விடுவாங்களா?"

"ஊசி போடறது வேற. அவன் கொண்டு வர்ற விஷத்தை வாங்கி அடுத்தவனுக்கு ஏத்தறது வேற."

ஆனாலும் போனாள்.

பெரிய மைதானம். இடியின் ஆட்கள் மேடையில் அவளுக்கென்று தனியாக ஒரு சிறு மரப்பலகை போட்டு, முகத்தில் நிழல் விழாதபடி விளக்கும் வைத்திருந்தார்கள். மேடைக்கு நேர் முன்னால் கயிறு கட்டி, காது கேளாதவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தது. அந்த நாற்காலிகளில் ஒன்றில் அவள் தம்பி உட்கார்ந்திருந்தான். பிறந்ததிலிருந்தே காது கேளாதவன். நாற்காலி, அலமாரிக்கு மெருகு போடும் பட்டறையில் வேலை. அவனோடு பேசுவதற்காகத்தான் சின்ன வயதில் அவள் இந்த மொழியையே கற்றுக்கொண்டாள். சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, கல்யாணத்துக்கு வந்தவன் போல இருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று கையசைத்தான்.

இடி முதலில் சாலை, மின்சாரம், வேலை என்று பேசினார். அவள் கைகள் தம் பாட்டுக்கு ஓடின. பிறகு ஆற்றங்கரைக்கு வந்தார்.

"எலி பொந்துக்குள்ள இருந்தா நமக்கென்ன, விட்டுரலாம். சமையக்கட்டுக்குள்ள வந்து நம்ம தட்டுல வாயை வெச்சா? கொஞ்சுவீங்களா? சொல்லுங்க, கொஞ்சுவீங்களா?"

மைதானம் அலறியது. சைகையில் கை மட்டும் பேசினால் போதாது. முகமும் சேர்ந்து பேசினால்தான் பொருள் வரும். கோபத்தைக் கோபமாகவும் அருவருப்பை அருவருப்பாகவும் முகத்தில் கொண்டு வராவிட்டால் அது பாதிப் பேச்சு. அவள் பாதி வேலை செய்து பழகாதவள். மூக்கைச் சுளித்தாள். உதட்டைப் பிதுக்கினாள். விரல்களை மூக்கின் ஓரத்தில் வைத்து எலி என்றாள். ஒரு தட்டை வரைந்து, அதில் எலியை வாய் வைக்க விட்டாள். கயிற்றுக்கு உள்ளே இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான்.

மறுநாள் அந்தப் பேச்சின் வீடியோ எல்லாருடைய கைப்பேசியிலும் இருந்தது. யாரோ இடியை வெட்டிவிட்டு அவள் முகத்தை மட்டும் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே எழுதியிருந்ததில் ஒன்றிரண்டைக் கணவர் வாசித்துக் காட்டினார்.

"'அந்தப் பொம்பளை மூஞ்சியில எவ்வளவு வெறுப்பு பாருங்க.' எழுதினது யாரு தெரியுதா? நம்ம வட்டாரத்துத் தோழர்தான்."

"நீங்க என்ன பதில் போட்டீங்க?"

"என்னன்னு போடறது?" என்று கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

செயலாளரும் கூப்பிட்டார். "உங்க மேல எனக்குத் தனிப்பட்ட முறையில மரியாதை இருக்குங்க. ஆனா வீடு வீடா போறப்ப இப்போதைக்கு நீங்க வர வேணாம். பாக்கறவங்க ஒரு மாதிரி நினைப்பாங்க."

மேடையில் தன்னை நிற்கவிடாதவர் இப்போது தெருவிலும் நிற்கவிடவில்லை என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகை வராததே பெரிய விஷயம். மேலாளர் அம்மாவைக் கூப்பிட்டு, இனி இடியின் கூட்டத்துக்குப் போக மாட்டேன், என்ன செய்கிறீர்களோ செய்துகொள்ளுங்கள் என்றாள். மேலாளர் அம்மா புதுப் பெண்ணை அனுப்பினாள். அவளும் சுமாராகச் செய்தாள் என்று கேள்வி.

ஓட்டுப் போடுவதற்கு முந்தின நாள் அவள் பட்டறைக்குப் போனாள். அறை முழுக்க மெருகு எண்ணெயின் நெடி. தம்பி ஒரு மேசையின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் தோளில் தட்டியதும் துணியைக் கீழே வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"நாளைக்கு யாருக்குப் போடப்போற?" என்று சைகையில் கேட்டாள்.

அவன் முஷ்டியால் நெஞ்சில் இரண்டு முறை குத்திக்கொண்டான். காது கேளாதவர்கள் இடிக்கு வைத்திருந்த பெயர் அது.

"பைத்தியமா உனக்கு? அவன் சொல்றது அத்தனையும் பொய்."

"இருக்கலாம்."

"ஆத்தங்கரைக்காரங்க உன்னை என்ன பண்ணாங்க? உன்னோட வேலை செய்யற அந்தப் பெரியவர் அங்கேருந்துதானே வர்றாரு? உனக்குச் சாப்பாடு குடுக்கறாரு இல்ல?"

"அவரு நல்லவரு. அவரைச் சொல்லல."

"அவரைத்தான்டா சொல்றான்!"

தம்பி நிதானமாக, ஒவ்வொரு சைகையாக எடுத்து வைத்தான்.

"அக்கா, உங்க தலைவர் பேரு சொல்லு."

அவள் விரலால் எழுத்து எழுத்தாகக் காட்டத் தொடங்கினாள். அவன் பாதியில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"பாத்தியா? அவருக்கு எங்ககிட்ட ஒரு சைகைகூடக் கிடையாது. எத்தனையோ தேர்தலா டிவியில வாயை மட்டும் அசைச்சிட்டுப் போறாரு. இந்தாளு எனக்கு நாற்காலி போட்டான். பேச ஆள் வெச்சான். பொய்தான் சொன்னான், சரி. ஆனா என்கிட்ட சொன்னான். உங்க ஆளுங்க என்கிட்ட பொய்கூடச் சொன்னதில்ல."

"பேசினது அவன் இல்லடா. நான்."

"தெரியும். அதான் நல்லாப் புரிஞ்சுது. உன்னை மாதிரி யாரு செய்வாங்க?" அவன் முகத்தில் கேலியே இல்லை. பெருமைதான் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். அவள் தன் கட்சிக்கே போட்டாள். முத்திரையை அழுத்தும்போது எப்போதும் உள்ளே ஒரு சூடு எழும். அது இந்த முறை இல்லை. வாடகை கட்டுவது போல இருந்தது.

இடி ஜெயித்தார். சும்மா இல்லை, அடித்து நொறுக்கி ஜெயித்தார். முடிவு வந்த அன்று பிற்பகல், இழவு வீட்டுக்குப் போவது போல அவளும் கணவரும் கட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். அடுக்கி வைத்த நாற்காலிகளும் மிச்சத் துண்டறிக்கைகளுமாக இருந்தது. செயலாளர் ஓய்ந்து போயிருந்தார்.

"இதுக்கு மேல என்னங்க செய்ய முடியும்? தெருத் தெருவா தொண்டை கிழியக் கத்தினோம். ஏறலையே! செவிட்டு ஜனங்க இது, செவிட்டு ஜனங்க!"

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். கணவர் மட்டும் அவளைத் திரும்பிப் பார்த்தார். சொன்னது என்ன என்று செயலாளருக்கு உறைக்கவே இல்லை. அவள் எழுந்து அவர் எதிரில் போய் நின்றாள்.

"கத்தினீங்க. செவிடங்ககிட்ட போய்க் கத்துவாங்களாங்க?"

"ஐயோ, நான் உங்க தம்பியைச் சொல்லல..."

"தெரியும். என் தம்பி உங்க ஞாபகத்துல என்னைக்குத்தான் இருந்தான்?"

கைப்பையிலிருந்து உறுப்பினர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். கணவர் பின்னாலேயே வந்தார். "ஆத்திரத்துல எதுவும் பண்ணாத. நாமளும் விட்டுட்டா அந்த ஆத்தங்கரைக்காரங்களுக்கு யாரு இருக்கா?" என்றார். அவர் சொன்னது சரிதான். சரி என்பதாலேயே அவர்மேலும் எரிச்சல் வந்தது. தெருவில் இடியின் ஆட்கள் தாளம் தட்டிக்கொண்டு போனார்கள். அவளை அடையாளம் கண்டு ஒருவன் கும்பிட்டான்.

வீட்டு வாசலில் தம்பி உட்கார்ந்திருந்தான். கொண்டாட வந்தவன் போலத் தெரியவில்லை. ஒரு கையில் பழப்பை, நகக்கண்ணில் மெருகுக் கறை.

"கோபமா?" என்று கேட்டான்.

"இல்ல," என்றாள் அவள் விரல்கள். முகம் வேறு சொன்னது. அவன் முகத்தைத்தான் படித்தான். படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

கணவர் கதவைத் திறந்தார். அவள் உள்ளே போய் இருந்ததைச் சூடாக்கி, மூவருக்கும் தட்டு வைத்தாள். சாப்பிட உட்கார்ந்தபோது, தம்பியின் கையும் தன் கையும் சோற்றில் இருப்பதால் பேச வேண்டியதில்லை என்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அவன் தட்டு காலியாகத் தொடங்கியதும், கேட்காமலே இன்னும் கொஞ்சம் அள்ளி வைத்தாள்.