பிரதாப் கேட்காத வினைச்சொல்

"ட்ரிங்கென்," என்றான் பிரதாப்.

"ட்ராங்க், கெட்ருங்கென்," என்றாள் அவன் மனைவி சுலக்ஷனா, அவனுடைய ஓட்டோவின் பின்சீட்டில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. அவள் வேலைசெய்யும் தனியார் கிளினிக்கில் பகல் சாப்பாட்டுக்கு விடும் நேரம் அது. ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில் மழைத்திரையை இறக்கிவிட்டுக்கொண்டு, ஜெர்மன் பாடப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை மடியில் விரித்து வைத்து அவளைக் கேள்வி கேட்பது அவன் வேலை. ஜெர்மன் எழுத்தை அவன் இங்கிலீஷ் மாதிரித்தான் வாசிப்பான். அவள் திருத்துவாள்.

"ட்ரிங்க், ட்ராங்க், ட்ரங்க். அக்கரப்பத்தனை ஸ்கூல்ல நாங்க பாட்டு மாதிரி கத்துனதுதானே இது. அப்பவே பாதி ஜெர்மன் படிச்சிருக்கோம், தெரியாமப் போச்சு," என்றான்.

அவள் சிரித்தாள். அவள் சிரித்துவிட்டால் அவனுக்கு அன்றைய ஓட்டோ ஹயர் எல்லாம் கிடைத்த மாதிரி.

ஜெர்மனியில் முதியோரைப் பராமரிக்கும் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைக்கும் போலிருந்தது. மொழிப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும், அவ்வளவுதான். பிறகு அவனையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். வாரக் கடைசியில் நடக்கும் வகுப்பில் அவளைவிட இளையவனான அப்ராஸ் சேர் பாடம் எடுத்தான். நல்ல வாத்தியார். நம்ம பாஷையில் காலம் மாறினால் சொல்லின் வால் மாறும், இவர்களுக்கு வயிறு மாறும் என்று சொல்லிக் கரும்பலகையில் மூன்று வரிசை எழுதினான். இங்கிலீஷில் ஸிங், ஸாங், ஸங். ஜெர்மனில் ஸிங்கென், ஸாங், கெஸுங்கென். அவனுடைய தாத்தா ஹொலண்டில் இருந்தார். தாத்தா என்றால் முஸ்லிம் ஆட்களுக்கு அக்கா. அவள் பேசும் டச்சில் ஸிங்கென், ஸோங், ஹெஸோங்கென். ஒரு வீட்டுப் பிள்ளைகள் வெவ்வேறு ஊரில் வாழ்க்கைப்பட்ட மாதிரி, மூக்கும் முழியும் அப்படியே இருக்கிறது என்றான்.

சுலக்ஷனா அட்டவணைகளை எல்லாரையும்விட வேகமாக ஒப்பித்தாள். ஆனால் குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் எல்லாவற்றையும் நிகழ்காலத்தில் சொன்னாள். என் அம்மா தேயிலை பறிக்கிறார். என் அம்மா பாடுகிறார். போன மாதம் மாதிரிப் பரீட்சையிலும் அப்படியே. "அக்கா, போன வருசத்தப் பத்திக் கேட்டா இறந்த காலத்துல சொல்லோணும். ஒங்களுக்குத் தெரியும்தானே," என்றான் அப்ராஸ். அவள் தலையாட்டினாள். மறுபடியும் பறிக்கிறார் என்றாள். அவனுக்கு விஷயம் தெரியாது. அவள் வகுப்பில் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் அம்மா காளியாயி போன மழையில் இறந்துபோனாள். தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் மேடு சரிந்து இறங்கியபோது அவள் உள்ளே இருந்தாள். ஹட்டனிலிருந்து பாதை எல்லா இடத்திலும் உடைந்து கிடந்தது. சுலக்ஷனாவும் பிரதாப்பும் பாதி நடந்தும் பாதி லொறியிலுமாகப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. தோட்டத்து ஆட்கள் ஈர மண்மேட்டைக் காட்டினார்கள். அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் பிறகு வீட்டில் பேசும்போதும் அவள் அம்மாவுக்கு நிகழ்காலம்தான் போட்டாள். "அம்மாவுக்கு இந்தக் கருவாடு புடிக்காது" என்பாள். பிரதாப் "ஆமா" என்பான். ஒருநாளும் திருத்தியதில்லை.

அடுத்த வகுப்பில் அப்ராஸ் ஒவ்வொருவரிடமும் ஒரு வினைச்சொல்லாகக் கேட்டுக்கொண்டு வந்தான். அவளிடம் வந்தபோது "ஷ்டெர்பென்" என்றான். இறப்பது. அவளுக்கு வாய் வரவில்லை. பக்கத்திலிருந்த பிள்ளை சொன்னது: ஷ்டார்ப், கெஷ்டோர்பென். இங்கிலீஷ்காரர்களிடமும் ஸ்டார்வ் என்று இந்தச் சொல் இருந்தது, இப்போது அது பட்டினி கிடப்பதைத்தான் சொல்கிறது, உள்ளே மாறுவதையும் விட்டுவிட்டது என்று அப்ராஸ் விளக்கிக்கொண்டிருந்தான். சுலக்ஷனா வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் உள்ள எல்லா வினைச்சொல்லையும் பிரதாப் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான். இதை மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவளே புத்தகத்தைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்தாள்.

"இத ஏன் கேக்கிறதில்ல நீங்க?"

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். மழைத் தண்ணீர் தாரை தாரையாக ஓடிக்கொண்டிருந்தது.

"அது பரீட்சைக்கு வராதுன்னு நெனச்சேன்."

"பொய் சொல்லாதீங்க."

"எனக்கு வாய் வரல சுலா. நீ சொல்லிட்டு அழுதீன்னா, கிளினிக்குக்கு எப்பிடித் திரும்பிப் போவியோன்னு பாத்தேன்."

"கேளுங்க."

அவன் புத்தகத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டான். பிறகு தப்பும் தவறுமாக அந்தச் சொல்லை வாசித்தான். அவள் திருத்தவில்லை. "ஷ்டார்ப்," என்றாள். மூச்சை இழுத்துக்கொண்டு, "கெஷ்டோர்பென்." அழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். அன்று சாயந்திரம் வீட்டில் சோறு வடிக்கும்போதுதான் அழுதாள். அவன் அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

பரீட்சை கொழும்பில் நடந்தது. எதிரே உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார அம்மா குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். என் அம்மா தேயிலை பறித்தார், பாடினார், போன மழையில் இறந்தார் என்றாள் சுலக்ஷனா. அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு மெதுவாக ஏதோ சொன்னாள். அது ஆறுதல் வார்த்தை என்பது மட்டும் புரிந்தது. பாஸா இல்லையா என்று பிறகுதான் தெரியும். வெளியே காத்திருந்த பிரதாப்பிடம், "சொல்லிட்டேன்," என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்கவில்லை. பிரதாப் பின்னால் நின்றான். அவளுக்குப் பக்கத்தில் கினிகத்தேனையில் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் அம்மா உட்கார்ந்திருந்தார். இவள் வெளிநாடு போகப்போவதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தோடம்பழம் உரித்துப் பாதியைக் கொடுத்தார்.

"அல்லா லேசாக்குவான் மகள். உம்மா தனியாத்தான் இருக்கிறாங்களா?"

"அம்மா இல்லங்க," என்றாள் சுலக்ஷனா. "போன மழையில செத்துப்போச்சு."

தமிழில் அதை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த பிரதாப்பின் காதிலும் விழுந்தது. அந்த அம்மா அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "என்ன மாதிரி ஆள் உங்கட உம்மா?" என்று கேட்டார்.

பொல்பிட்டியப் பக்கம் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் சரிந்திருந்த மண்ணை மெஷின் அள்ளிக்கொண்டிருந்தது. ஒரு பஸ் போகிற அளவுக்குத்தான் வழி. டிரைவர் பாட்டை நிறுத்தினார். பஸ் பள்ளத்தின் ஓரமாக அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. எல்லாரும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயடைத்து இருந்தார்கள். கீழே செந்நிறமாக ஆறு போனது. அந்த அமைதியில் ஒரு குரல் மட்டும், அம்மா வெயில்ல பாடுனத, மழையில திட்டுனத, யாருக்கும் தெரியாம வெத்தல போட்டத எல்லாம், நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனது.